இடது கை

மாசி முழுக்க ரப்பர் தளிரில் தேன்,
வர நேரமில்லை என்றேன்.
பங்குனியில் பெட்டிகளை ஆற்றூருக்கு மாற்றினேன்.
சித்திரையில் சொல்லக் காரணம் தீர்ந்துபோய்
கிராம்புத் தைலத்தில் நனைத்த பஞ்சைக்
கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு திரிந்தேன்.
வீக்கம் கண்ணுக்கு ஏறிய வைகாசியில்
ஜெஸ்லெட் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்:
"நீங்க ஓட்டாண்டாம். பின்னால இரிங்க."

மார்த்தாண்டம் மேம்பாலத்து ஓரம்
செருப்புக்கடைக்கு மேல் மாடி.
பதினேழு படி. எண்ணினேன்.
பன்னிரண்டாவதில் நின்று
போன் வந்ததுபோல் பேசினேன்,
யாரும் இல்லாத ஒருவரோடு, விவரமாக.

எண்பது பெட்டி வைத்திருக்கிறேன்.
கொட்டு வாங்காத விரலில்லை,
இமையில் வாங்கியிருக்கிறேன், நாக்கில் ஒருமுறை.
ஆனால் கதவைத் திறந்ததும் வந்த அந்த வாசனை:
ஒன்பது வயதில், அருமனையில்,
நாலு பேர் கையையும் காலையும் அமுக்க
மரத்துப்போகும் முன்பே பிடுங்கிய அறை.
"ஒண்ணுமில்லடே, ஒண்ணுமில்ல."
இன்றைக்கும் யாராவது ஒன்றுமில்லை என்றால்
எனக்குக் கழுத்து வேர்க்கும்.

டாக்டர் பிரைட்டி
அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை.
மேசைக்கு எதிரே ஸ்டூலைக் காட்டினார்.
"எதுக்குப் பேடி?
ஊசிக்கா, சத்தத்துக்கா, வலிக்கா?"
இப்படிப் பிரித்துப் பார்க்கலாம் என்று தெரியாது.
வெகுநேரம் யோசித்துச் சொன்னேன்:
"நிறுத்தச் சொல்ல முடியாததுக்கு."
அதை எழுதிக்கொண்டார்.

பிறகு, வழி கேட்டவருக்குப் பஸ் சொல்வதுபோல்,
மயக்கங்களைச் சொன்னார்.
ஊசிக்கு முன் ஈறில் தடவ ஒரு பசை எல்லோருக்கும் உண்டு.
மாத்திரை போட்டு வரலாம்,
கூட ஆள் வேண்டும், அன்றைக்கு வண்டி தொடக்கூடாது.
நரம்பில் ஏற்றினால் மயக்க டாக்டர் ஒருவர் பக்கத்திலேயே நிற்பார்,
வெறும் வயிறு, நடந்ததில் பாதி நினைவிருக்காது.
முழு மயக்கம் நாகர்கோவிலில், பெரிய ஆஸ்பத்திரி,
"ஒரு பல்லுக்கு அவ்வளவு தூரம் போகாண்டாம்."
இல்லையென்றால் மூக்கில் வைக்கும் வாயு.

"உறங்கிப்போவேனா?"
"இல்ல, முழிச்சுத்தான் இருப்பீங்க.
பேடி கொஞ்சம் தள்ளிப் போய் நிக்கும்."

புகை, என்று எனக்குப் புரிந்தது.
கதம்பை நார் கனல நான் ஊதும் புகை
ஈக்களை உறக்குவதாக ஊர் நினைக்கிறது.
இல்லை.
அவை உள்ளே ஓடி வயிறு முட்டத் தேன் குடிக்கின்றன.
நிறைந்த வயிறு கொட்டக் குனிவதில்லை,
அவ்வளவுதான்.

வீக்கம் வற்ற ஐந்து நாள் மாத்திரை.
ஆறாம் நாள் மூக்குமூடி.
இந்த ரப்பர் எங்கள் ஊர்ப் பாலாகக்கூட இருக்கலாம்
என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது, நிற்கவில்லை.
கால்விரல்கள் எங்கேயோ வெயில் காய்ந்தன.
"இடது கையைத் தூக்கினா நிறுத்திருவேன்."
ஊசி இறங்கியது. உதடு வேறு யாருடையதோ ஆனது.

கொஞ்ச நேரத்தில்
வலிக்காமலேயே கையைத் தூக்கினேன்.
சும்மா. சோதிக்க.

எல்லாம் நின்றது.
உறிஞ்சும் குழாயும் நின்றது.
கீழே களியக்காவிளை பஸ்ஸின் ஹாரன் கேட்டது.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.
நான் இறக்கும்வரை
என் கை அந்தரத்தில் இருந்தது.

ஐஸ்கிரீம் தின்னச் சொன்னார்கள்.
பாதி சட்டைக்குப் போயிற்று.
ஜெஸ்லெட் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது.

மூன்றாம் நாள் ஒன்பதாம் பெட்டியைத் திறந்தேன்.
புகை காட்டியும் இரைச்சல் ஏறியது.
முன்பென்றால் இன்னும் ரெண்டு ஊது ஊதிச்
சட்டத்தை இழுத்திருப்பேன்.
மூடியை வைத்துவிட்டு நகர்ந்தேன்.

இன்னொரு பல் அடுத்த மாதம்.
பேடி போயிற்றா என்று கேட்கிறாள்.
எங்கே போக?
பன்னிரண்டாம் படியில் நிற்பேன் என்றுதான் தோன்றுகிறது.
போனை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.